டீசல் கொப்பி

கணக்கு எழுதுகிற எனக்குத்தான் முதலில் தெரிந்தது.
பங்குனியில் ஒரு தொழிலுக்கு ஆயிரத்து நூறு லீற்றர்.
ஆடியில் ஆயிரத்து நானூறு.
அதே தூரம், அதே ஐஸ், அதே ஐந்து பேர்.
"எஞ்சின் களைச்சுப் போச்சு" என்றார் கோணேசமூர்த்தி.
"டீசலில தண்ணி கலக்கிறானுகள்" என்றார் உவைஸ்.
மூன்றில் ஒரு பங்கு எனக்கும் இருப்பதால்
நிப்ராசுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து
வாழைச்சேனைத் துறைமுகத்தில்
படகுக்கடியில் முழுகிப் பார்க்கச் சொன்னேன்.
மேலே வந்தவன் பேசவில்லை.
உள்ளங்கையை விரித்தான்:
குறுக்கே ஏழெட்டுக் கீறல், ரத்தம்,
நடுவில் ஒரு கொட்டலசு,
கோபமாக மூடிக்கொண்டு.

கரையேற்றிய அன்று
சல்லி போட்ட ரோட்டைத் தலைகீழாகப் பார்த்தோம்.
பக்கவாட்டில் பச்சைத் தாடி.
புரொப்பலரின் மூன்று இதழும்
சொறி பிடித்த நாக்கு.
சுரண்டச் சுரண்ட
காகங்கள் வந்தன, நாய்கள் வந்தன,
"எங்கட போட்டுக்கும் இப்படித்தான்" என்று
பத்துப் பேர் வந்தார்கள்.
காசோடு ஒருவரும் வரவில்லை.

செம்புத்தூள் கலந்த சிவப்புப் பெயின்ற்
ஒரு டின் என் இரண்டு காப்பு.
இரண்டு டின் வேண்டும்.
எனக்கு இருந்ததே இரண்டு காப்பு.

படகின் வலப்பக்கம் என் மகள் பெயர், சாந்தரூபி.
இடப்பக்கம் உவைசின் மகள், நிலூபா.
காசைச் சுண்டினோம். வலப்பக்கத்துக்குச் செம்பு விழுந்தது.
இடப்பக்கத்துக்கு
கேற்றுக்குப் பூசி மிஞ்சிய எனாமலும்
ஒரு கிலோ கொச்சிக்காய்த் தூளும்.
ஒலுவிலில் யாரோ செய்து பார்த்தாராம்,
ஒரு பூச்சி அண்டவில்லையாம்.
பூசிய இரண்டு பேரும் மூன்று நாள் தும்மினார்கள்.

கொட்டலசு தும்மவில்லை.
மட்டக்களப்புக் கடலில் பிறந்தது,
உறைப்புக்கு என்ன குறை.

ஐப்பசியில் படகு இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது.
சுக்கானைப் பிடித்த உவைசுக்கு
தோள்மூட்டு வீங்கிவிட்டது.
"நேரா ஓட்டினா இந்தியாவுக்குப் போகுது,
வளைச்சு ஓட்டினாத்தான் வீட்ட வருது."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"உன்ட புள்ளட பக்கம் வழுக்கிக்கொண்டு போகுது,
என்ட புள்ளட பக்கம் இழுபடுது" என்றார்.
அதற்கு நான் சொன்ன பதிலை
இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன்.
இரண்டு கிழமை பேச்சில்லை.
கோணேசமூர்த்திதான் நடுவில் நின்று
மீன் விலையை இரண்டு தரம் சொன்னார்.

பிறகு மாரி.
கடல் மூடிக்கொள்ள,
மாதுறு ஓயா மண்ணிறமாய் இறங்கி
வாவியை முகத்துவாரம் வரை தித்திப்பாக்கியது.
உவைஸ் யாரையும் கேட்காமல்
படகை ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
கொண்டுபோய்க் கட்டினார்.
பன்னிரண்டு நாள் நல்ல தண்ணீர்.
ஒன்பதாம் நாள் நாற்றம் வந்தது.
ஊருக்கே அது நாற்றம்,
எனக்கு முந்நூறு லீற்றர்.

செத்தும் வீட்டை விடாத சாதி அது.
ஓடுகளை உளியால்தான் எடுத்தோம்,
இந்தமுறை மூன்று பங்குக்காரரும் குந்தியிருந்து.
புரொப்பலருக்குப் பெயின்ற் நிற்காது,
சுற்றுகிற சுற்றில் உரிந்துவிடும்;
நிப்ராஸ் அதைச் சாக்குத் துண்டால் தேய்த்தான்,
தன் பல்லை அதில் பார்த்துக்கொள்ளும் வரை.
தண்டில் புதுச் சிங்க் கட்டி பூட்டினோம்.
செலவுப் பக்கத்தில் எழுதினேன்:
சிங்க் கட்டி, இரண்டு, கரைவதற்கு.

சீட்டு எடுத்து இரண்டு டின் வாங்கினேன்.
இரண்டு பெயருக்கும் ஒரே சிவப்பு.

பங்குனித் தொழில் முடிந்து வந்தது:
ஆயிரத்து நூற்று முப்பது.
நூறு சரி. முப்பது எங்கே?
நிப்ராஸ் திரும்ப முழுகினான்.
படகு ஏறி நின்றதே நாலு மரக்கட்டை,
அவற்றை நகர்த்திப் பூச எவருக்கும் நினைவில்லை.
ஏராவுக்கடியில், பூசிய சிவப்பின் நடுவே,
அளந்து வெட்டியதுபோல்
நாலு சதுரம் கொட்டலசு.

முப்பதுக்கு நேரே
"கட்டை" என்று எழுதிக்
கொப்பியை மூடினேன்.